பகலில் லைட்டு எரிந்த வண்டி

சக்கரபாணி முதலாளிக்கு நான் நாலாயிரத்து இருநூறு ரூபாய் கடன் பட்டிருந்தேன். விழுப்புரத்தில் எண்ணெய் மில் வைத்திருந்தவர் அவர். தாம் ஓட்டிச் சலித்த அம்பாசிடர் காரைத் தவணைக்கு எனக்குக் கொடுத்திருந்தார். ஆர்.சி. புத்தகம் அவருடைய இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. வண்டி மட்டும் திண்டிவனம் கார் ஸ்டாண்டில் என் பேரைச் சொல்லிக்கொண்டு நின்றது.

என் பேர் சவுரிராயன். ஊர் கெடாருக்குப் பக்கம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். என் அப்பா கடைசி மூச்சு வரைக்கும் அடுத்தவர் நிலத்தில்தான் குனிந்து நிமிர்ந்தார். நான் லாரியில் கிளீனராக ஏறி, டயர் கழற்றி, டிரைவராகி, முப்பது வயதுக்குள் சொந்தக் கார் வைத்தேன். எங்கள் தெருவில் சைக்கிள் வாங்கினவனையே பெரிய ஆள் என்று பார்த்த காலம் அது. இன்றைக்கு என் பேரில் ஏழு வண்டிகள் ஓடுகின்றன. இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று மற்றவர்கள் எழுதுவார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எண்பத்து நாலாம் வருஷம் அந்த ஒற்றை வண்டியும் கையை விட்டுப் போக இருந்தது. காரணம் லைட்டு.

அப்போது சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற பெரிய ரோடு இன்றைக்கு இருக்கிற அகலம் கிடையாது. இரண்டு பக்கமும் புளியமரம். வெயிலும் நிழலும் மாறி மாறி ரோட்டில் திட்டுத் திட்டாகக் கிடக்கும். என் வண்டி கருப்பு நிறம். ஒருநாள் பட்டப்பகலில் ஒரு லாரி பஸ்ஸை ஓவர்டேக் எடுத்து நேராக என் மூக்குக்கு வந்தது. நான் வண்டியைப் பள்ளத்தில் இறக்கியதால் பிழைத்தேன். லாரிக்காரன் இறங்கி வந்து, "சத்தியமா உன் வண்டி என் கண்ணுக்குத் தெரியலப்பா" என்று அழுதான். வீட்டில் சொன்னால் என் மனைவி இருதயமேரி சிரிக்கிறாள்.

"வண்டி கருப்பு, நீயும் கருப்பு, நெழலும் கருப்பு. அவன் கண்ணு மேல இன்னா தப்பு?"

அவள் சிரித்தாள். எனக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. அந்தச் சமயத்தில் பாண்டிச்சேரிக்குச் சவாரி போனபோது, ஒரு வெள்ளைக்காரன் வைத்திருந்த ஸ்வீடன் நாட்டுக் காரைப் பார்த்தேன். நடுப்பகலில் முன்லைட்டு இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. நம் டிரைவர்கள் செய்வதுபோல நானும் கையை வெளியே நீட்டி, விரல்களை விரித்து மூடி, லைட்டு எரிகிறது என்று ஜாடை காட்டினேன். அவன் வண்டியை நிறுத்திவிட்டு, அரைகுறைத் தமிழில், "நீ என்னைப் பார்த்தே இல்ல? அதுக்குத்தான் எரியுது" என்றான்.

எனக்கு அது போதும். சாவியைத் திருப்பினால் லைட்டு எரிகிற மாதிரி என் வண்டிக்கு நானே ஒயர் இழுத்தேன். சாவியை எடுத்தால்தான் அணையும். பழைய சுவிட்சுக்கு இரவில் பிரைட்டு போடுகிற வேலை மட்டும் மிச்சம். எதிரில் வருகிறவன் கண்ணில் குத்தக்கூடாதே என்று, சாயங்காலம் ஒரு குடோன் சுவர் எதிரே வண்டியை நிறுத்தி, லைட்டு உயரத்துக்குச் சுவரில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, வெளிச்சம் அந்தக் கோட்டுக்குக் கீழேயும் கொஞ்சம் இடப்பக்கமும் விழுகிற மாதிரி திருகாணியைத் திருகி வைத்தேன். கண்ணாடியின் மேல்பாதியில் போலீஸ்காரர்கள் சொன்ன கருப்புப் பெயின்ட் ஏற்கெனவே இருந்தது. வெள்ளைக்காரன் வண்டியில் அது கம்பெனி வைத்த ஏற்பாடு. என் வண்டியில் சவுரிராயன் வைத்த ஏற்பாடு. எனக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் எவனாவது செய்திருந்தால் வந்து சொல்லட்டும்.

ஆனால் நம் பக்கத்தில் பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு ஒரு கார் வந்தால் ஊருக்கே ஒரே அர்த்தம்தான். உள்ளே உயிர் ஊசலாடுகிறது, வழியை விடு. இது எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் மாட்டு வண்டிக்காரன் முதல் கலெக்டர் டிரைவர் வரைக்கும் தெரிந்தது. என் வண்டியைப் பார்த்ததும் பஸ் ஒதுங்கும். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து எட்டிப் பார்ப்பார்கள். பெண்கள் தாலியைத் தொட்டுக்கொள்வார்கள். அப்படிப்பட்ட வண்டியில் எந்த மாப்பிள்ளை ஏறுவான்? மாசி மாச முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்கள் வீடு தேடி வந்து அட்வான்ஸைத் திருப்பி வாங்கிப் போனார்கள். ஸ்டாண்டில் இருந்தவர்கள், "அந்த ஒயர அவுத்துடு சவுரி, சோத்துக்கு இன்னா பண்ணுவே?" என்றார்கள். நான் அவிழ்க்கவில்லை. லாரி அவர்களைத் தேடியா வந்தது? என்னைத் தேடித்தானே வந்தது?

அதனால் இரண்டு தவணை நின்றுபோயிற்று.

பங்குனி மாசம். சக்கரபாணி முதலாளி பாங்கி வேலையாகத் திண்டிவனம் வந்தவர், வேலை முடிந்ததும் நேராக ஸ்டாண்டுக்கு நடந்து வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் நீளமாக ஒரு பழுப்புக் கவர். மற்ற டிரைவர்கள் பீடியை மறைத்தார்கள்.

"இன்னாடா சவுரி, ரெண்டு தவணை. மூணாவது மாசமும் பொறந்துடுச்சு. காசு எங்க?"

"முகூர்த்த சவாரி வரலீங்க மொதலாளி. கொஞ்சம் டைம் குடுங்க."

"டைம் என்கிட்ட இல்ல. உன்கிட்ட வண்டி இருக்குது. மில்லுக்கு ஓட்டு. வாசல்ல நிறுத்திட்டு, சாவியைக் குடுத்துட்டு, பஸ்ஸைப் புடிச்சு ஊருக்குப் போயிடு."

பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஸ்டாண்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் என் கண் அந்தக் கவர் மேல் இருந்தது. அது என்ன கவர் என்று எனக்குத் தெரியும். விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை மூட்டையாகக் குவிந்திருக்கும். வாங்குகிறவர்கள் விலையை எழுதிக் கவரில் போட்டு, ஒட்டி, ஒரு பெட்டிக்குள் போடவேண்டும். பதினோரு மணிக்குக் குமாஸ்தா மணி அடித்துப் பெட்டியைப் பூட்டிவிடுவார். பூட்டின பிறகு கடவுளே வந்தாலும் கவர் உள்ளே போகாது. பாங்கியில் நேரம் இழுத்துவிட்டது. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் வெளியே பார்ப்பதுமாக இருந்தார்.

நான் சாவியைத் திருப்பவில்லை.

"மொதலாளி, டெண்டர் கவருங்களா?"

"ஆமா. உனக்கு இன்னா?"

"வழியெல்லாம் கரும்பு வண்டிங்க. பஸ்ஸுல போனா மணி அடிச்சிடும். வேற கார்ல போனாலும் அடிச்சிடும். என் வண்டில போனாத்தான் சேரும். கவர் பொட்டியில வுழுந்துட்டா, ஆடி கடைசி வரைக்கும் எனக்கு டைம் குடுங்க. வுழலைன்னா சாவி உங்களுது. வாயத் தொறக்க மாட்டேன்."

மில்லில் சரக்கு இல்லாமல் செக்கு நின்றிருந்தது என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"சரி. ஆனா மணி அடிச்சப்புறம் ஒரு பேச்சு பேசக்கூடாது."

சாவியைத் திருப்பினேன். முன்னால் நின்ற காரின் பின்பக்கத்தில் என் லைட்டு இரண்டு வட்டமாக விழுந்தது.

ஊர் எல்லை தாண்டியதும் எதிரே வந்த லாரிக்காரன் விரலை விரித்து மூடினான். அடுத்து ஒரு வேன்காரன். முதலாளி முன்னால் குனிந்து பார்த்தார்.

"டேய், லைட்டு எரியுது போல இருக்குது."

"எரியும்ங்க. எப்பவும் எரியும்."

"பட்டப்பகல்ல எதுக்குடா லைட்டு? அணை."

"சாவிய எடுத்தாத்தான் அணையும்ங்க. எடுத்தா வண்டியும் நின்னுடும்."

"என்னை இன்னான்னு நெனைச்சே? பொணமா?"

பதிலை ரோடு சொன்னது. எங்களுக்கு முன்னால் கரும்பு ஏற்றின டிராக்டர் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. சாதாரண நாளில் ஹாரன் அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோகும். அன்றைக்கு டிரைவர் கண்ணாடியில் லைட்டைப் பார்த்ததும் மண்ணில் இறங்கி வழி விட்டான். கூட்டேரிப்பட்டு முனையில் நின்ற போலீஸ்காரர் குறுக்கு ரோட்டு வண்டிகளை நிறுத்தி, எங்களைப் போ போ என்று கை வீசினார். ஒரு தனியார் பஸ்ஸைத் தாண்டும்போது, படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் ராஜாமணி உள்ளே குனிந்து பார்த்துவிட்டு, "ஐயையோ, மில்லுக்காரரு!" என்று கத்தினான். முதலாளி துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு சீட்டில் சரிந்தார். அது ராஜாமணிக்கு இன்னும் உறுதியாகப் போயிற்று.

கொஞ்ச தூரம் போனதும் துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இதுல ஒரு வசதி இருக்குதுடா சவுரி."

அதைக் கேட்டு நான் சிரித்திருப்பேன். சிரிக்க நேரம் இல்லை. முன்னால் ரோட்டின் நடுவில் பத்துப் பதினைந்து பேர் கைகோத்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"நிறுத்தாதே" என்றார் முதலாளி.

நிறுத்தாமல் எப்படிப் போவது? ஆட்கள் மேலா ஏற்றுவது? பிரேக் போட்டேன். வண்டி நிற்பதற்குள் பின்கதவைத் திறந்துவிட்டார்கள். மல்லாட்டைக் கொல்லையில் பிடுங்கிக்கொண்டிருந்த கூலி ஆட்கள். கையிலும் காலிலும் செம்மண். இரண்டு பேர் ஒரு மனிதனைத் தூக்கி வந்தார்கள். மாரியப்பன் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கணுக்கால் பூசணிக்காய்போல் வீங்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே புடவைத் துணியால் கட்டு. பல் இடுக்கில் ரத்தம் கசிந்தது.

அவன் மனைவி காந்திமதி என் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணாடிவிரியன் கடிச்சிடுச்சுண்ணே. ஆஸ்பத்திரிக்குத்தான போய்க்கினு இருக்கீங்க? இவரையும் ஏத்திக்கினு போங்கண்ணே."

ஒரு கிழவன் உள்ளே தலையை விட்டான்.

"ஐயாவுக்கு இன்னா, நெஞ்சு வலியா?"

"நான் நல்லாத்தாண்டா இருக்கிறேன்!" என்று முதலாளி துண்டை இழுத்துப் போட்டார்.

"அப்ப கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

அவர்கள் அனுமதி கேட்கவில்லை. எதற்குக் கேட்பார்கள்? லைட்டு எரிகிற வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறது. ஒரு ஆள் இருக்கிற இடத்தில் இரண்டு ஆள் போகட்டும். முதலாளி மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கி முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"சவுரி, கேட்டுக்கோ. ஆஸ்பத்திரி ஒரு பக்கம், மார்க்கெட்டு ஒரு பக்கம். இந்த ஆள ஏத்தினா மணி அடிச்சிடும். அடிச்சா வண்டி என்னுது. பேச்சு பேச்சுதான். பின்னாடி பஸ்ஸு வருது, அதுல ஏத்தச் சொல்லு."

பஸ் எங்கே வருகிறது? நிறுத்தி நிறுத்தி வரும். மாரியப்பனின் கண் என்னைப் பார்த்தது. அந்தக் கண்ணில் கெஞ்சல்கூட இல்லை, வண்டி கிடைத்துவிட்டது என்கிற நிம்மதிதான் இருந்தது. கிளீனராக இருந்தபோது லாரிக்கு அடியில் படுத்துத் தூங்கியது, ஒரு வேளைச் சோற்றை விட்டுக் காசு சேர்த்தது, எல்லாம் அந்த வண்டிக்காக. அதை ஒரு முகம் தெரியாத ஆளுக்காக விடுவதா?

நான் இரக்கப்பட்டேன் என்று எழுதிக்கொள்ள ஆசைதான். ஆனால் உண்மை வேறு. லைட்டைப் போட்டவன் நான். அவர்கள் அதைப் பார்த்து நம்பி ரோட்டுக்கு வந்தவர்கள். சவுரிராயன் வண்டி லைட்டு பொய் சொல்லியது என்று ஒரு பேச்சு ஊரில் வரக்கூடாது. அவ்வளவுதான்.

"ஏறும்மா, ஜல்தி. கால அசைக்காம புடிச்சிக்க" என்றேன்.

முதலாளி என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

விக்கிரவாண்டி வரைக்கும் நான் ஓட்டியதைப் போல எவனும் ஓட்டியிருக்க மாட்டான். பின்னால் காந்திமதி, "தூங்காதய்யா, தூங்காதய்யா" என்று அவன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். கடைத்தெருவே இரண்டாகப் பிளந்து வழி விட்டது. ஆனால் முண்டியம்பாக்கம் ரயில்வே கேட் யாருக்கும் பிளக்காது. கேட் மூடியிருந்தது. ஆலைக்குப் போகிற கரும்பு மாட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. லைட்டைப் பார்த்து வண்டிக்காரர்கள் மாட்டை ஒதுக்கி ஒதுக்கி எங்களைக் கேட்டின் முனைவரை விட்டார்கள். அங்கே நின்றோம். கூட்ஸ் வண்டி வந்துகொண்டே இருந்தது.

இங்கேதான் ஒன்று சொல்லவேண்டும். அந்தக் காலத்துக் காரில் டைனமோ. வண்டி வேகமாக ஓடினால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும். நின்ற இடத்தில் எஞ்சின் மெதுவாக ஓடினால் ஏறாது. லைட்டு மட்டும் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஸ்வீடன் வண்டிக்கு வேறு ஏற்பாடு இருந்திருக்கலாம். சாவியை எடுத்து லைட்டை அணைத்திருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். ஏற்கெனவே பேட்டரி கிழடு. அணைத்தால் திரும்பப் பிடிக்குமோ பிடிக்காதோ என்று பயந்து விட்டுவைத்தேன். கேட் கம்பியில் விழுந்த வெளிச்சம் வெள்ளையிலிருந்து மஞ்சளானது. மஞ்சள் மங்கியது. சூடான எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றது.

சாவியைத் திருப்பினேன். டிக் என்றது. மறுபடியும் திருப்பினேன். டிக்.

"இன்னாடா?"

"பேட்டரி இறங்கிடுச்சுங்க."

முதலாளியின் முகம் சிவந்தது. "நல்ல லைட்டுடா உன் லைட்டு!"

அந்த நேரம் பார்த்துக் கேட்காரன் கேட்டைத் தூக்கினான். பின்னால் வண்டிகள் எல்லாம் நின்றன. முன்னால் தண்டவாளம் மேடாக இருந்தது. மேட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் சரிவு. சரிவில் விட்டால் எஞ்சின் பிடிக்கும். மேட்டைத் தாண்டுவதுதான் கஷ்டம். பக்கத்து வண்டியிலிருந்து பெரியதம்பி என்கிற கிழட்டு வண்டிக்காரர் குதித்தார்.

"இன்னாபா, நோயாளிய வச்சிக்கினு நின்னுட்டே?"

"தள்ளணும் பெரியவரே."

அவர் திரும்பி ஒரு குரல் கொடுத்தார். கரும்பு வண்டிக்காரர்கள் ஐந்தாறு பேர் தார்க்கோலைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். தள்ளினார்கள். வண்டி மேட்டில் பாதி ஏறி, முன்சக்கரம் தண்டவாள இடுக்கில் இறங்கி நின்றது. கேட்காரன் கூண்டிலிருந்து கொடியோடு ஓடி வந்தான்.

"அடுத்த வண்டிக்கு நான் கேட்ட மூடணும்பா! எடுங்க, எடுங்க!"

உள்ளே காந்திமதி ஓவென்று அழ ஆரம்பித்தாள். பெரியதம்பி முன்சீட்டுப் பக்கம் வந்தார்.

"ஐயா, உசுரோட நல்லாத்தான இருக்கீங்க? கீழ எறங்குங்க. ஒரு ஆள் கனமாவது கொறையட்டும். எறங்கினதோட ஒரு கையும் குடுங்க."

விழுப்புரத்தில் யாரும் சக்கரபாணியிடம் அப்படிப் பேசியதை நான் கேட்டதில்லை. அவர் என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பின்சீட்டைப் பார்த்தார். பிறகு இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்பக்கம் போனார். கண்ணாடியில் பார்த்தேன். கரும்புச் சாறும் புழுதியும் ஒட்டின கைகளுக்கு நடுவே வெள்ளைச் சட்டைக் கை இரண்டு என் வண்டியின் டிக்கியில் ஊன்றியிருந்தன.

"ஏலேலோ!" என்றார் பெரியதம்பி.

சக்கரம் ஏறியது. வண்டி சரிவில் இறங்கியது. இரண்டாவது கியரைப் போட்டுக் கிளச்சை விட்டேன். ஒரு குலுக்கல். எஞ்சின் பிடித்துக்கொண்டது. லைட்டு மெல்லக் கண் விழித்தது. முதலாளி மூச்சு வாங்க ஓடிவந்து ஏறினார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். கவர் இருந்தது. முனை கசங்கியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நான் திரும்பியபோது ராஜாமணியின் பஸ் எங்களைத் தாண்டி மார்க்கெட் பக்கம் போனது. அவன் படியில் நின்று எங்களைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். மாரியப்பனை ஸ்ட்ரெச்சரில் எடுத்துப் போனார்கள். எஞ்சினை அணைக்க முடியாது, அதனால் நான் இறங்கவே இல்லை. காந்திமதி ஏதோ சொல்ல வந்தாள். "உள்ள போம்மா" என்று கத்திவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

"மணி தாண்டிடுச்சு" என்றார் முதலாளி. கடிகாரத்தை அப்புறம் பார்க்கவே இல்லை. "மெதுவாவே போ."

நான் மெதுவாகப் போகவில்லை.

மார்க்கெட் கமிட்டி வாசலில் கூட்டம். வியாபாரிகள் எல்லோரும் வெளியே நின்றிருந்தார்கள். சிலர் செருப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். என் வண்டி லைட்டோடு உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. வயதான வியாபாரி ஒருவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். குமாஸ்தா கையில் பூட்டோடு படியில் இறங்கி வந்தார்.

"எத்தனை மணிக்குப் போச்சு உயிரு?" என்று என்னைக் கேட்டார்.

முன்கதவைத் திறந்து சக்கரபாணி இறங்கினார். வேட்டி முழங்காலுக்கு மேல், சட்டையில் அடுத்தவர் கை பட்ட கரும்புக் கறை. கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது.

ராஜாமணி பஸ்ஸை நிறுத்தி இறங்கிவந்து, மில்லுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இருபது வருஷம் தங்களோடு சரக்கு வாங்கின ஆள். இன்றைக்கு டெண்டரை நடத்துவதா, நாளைக்குத் தள்ளுவதா என்று வாக்குவாதம். குமாஸ்தா மணியை அடிக்காமல் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருக்கிறார்.

"மணி அடிச்சாச்சா?" என்று முதலாளி கேட்டார்.

"இன்னும் இல்லீங்க."

அவர் படியேறி, கசங்கின கவரைப் பெட்டிக்குள் போட்டார். பிறகுதான் மணி அடித்தது.

திரும்பி வந்து என் ஜன்னல் ஓரம் நின்றார். நான் சாவியைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஆடி கடைசி" என்றார். "ஒரு நாள் தாண்டக்கூடாது."

மாரியப்பன் பிழைத்தான். கால் ஆறுவதற்கு மூன்று மாசம் ஆயிற்று, இன்றும் கொஞ்சம் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறான். அவன் பிழைத்த செய்தி கொல்லை கொல்லையாகப் போயிற்று. அதற்கப்புறம் கலியாண வீட்டார் யாரும் என் வண்டியைத் தொடவில்லை. வேறு ஆட்கள் வந்தார்கள். பிரசவ வலி, விஷக்கடி, கிணற்றில் விழுந்தவன், காய்ச்சலில் கண் சொருகின பிள்ளை. லைட்டு வண்டியைக் கூப்பிடு என்று கண்டாச்சிபுரம் வரைக்கும் பேர் போயிற்று. இருதயமேரி ராத்திரி வெகுநேரம் ஜெபமாலை உருட்டினாள், ஏறினவர்கள் எல்லோரும் பிழைக்கவேண்டும் என்று. எல்லோரும் பிழைக்கவில்லை. இறங்கும்போது உயிர் இல்லாதவர்கள் வீட்டில் நான் காசு வாங்கியதும் இல்லை. மாமூல் வாடகைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டதும் இல்லை. புது பேட்டரி போட்டேன். கேட்டில் நின்றால் மட்டும் அணைக்கிற மாதிரி ஒரு சுவிட்சும் வைத்தேன்.

ஆடி முடிய இன்னும் நாள் இருக்கும்போதே மில்லுக்குப் போனேன். செக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. புண்ணாக்கு மணம். முதலாளி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கணக்கர், மூட்டைக்காரர்கள். நான் மடியிலிருந்து மொத்தக் கடனுக்குமான நோட்டுக் கட்டை எடுத்தேன்.

"வச்சிட்டுப் போ" என்று மேசை மூலையைக் காட்டினார்.

சேரி ஆட்களான எங்களிடம் அவர் கையில் வாங்கமாட்டார். மேசை மூலையில் வைக்கவேண்டும். நாங்கள் கையை எடுத்த பிறகு கணக்கர் எடுத்து எண்ணுவார். அத்தனை தவணையும் நான் அப்படித்தான் வைத்தேன். அன்றைக்குக் கால் நகரவில்லை.

"கையில வாங்கிக்குங்க மொதலாளி. நானே எண்ணித் தர்றேன்."

கணக்கர் எழுதுவதை நிறுத்தினார். மூட்டைக்காரன் ஒருவன் இறக்கப்போன மூட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னாடா புதுசா?"

"புதுசு இல்லீங்க. முண்டியம்பாக்கம் கேட்டுல அஞ்சாறு பேர் கையோட உங்க கையும் சேர்ந்துதான என் வண்டியத் தள்ளுச்சு. உள்ள இருந்ததும் எங்க ஆளுதான்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆர்.சி. புத்தகம் அவர் பெட்டியில்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லி என்னை வெளியே தள்ளியிருக்கலாம். நான் கட்டைப் பிடித்த கையை நீட்டியபடியே நின்றேன். தோள் வலித்தது. இறக்கவில்லை.

சக்கரபாணி பேனாவை மூடி வைத்தார். வலது கையை மேசைக்கு மேலே கொண்டுவந்து, உள்ளங்கை தெரிய விரித்தார்.

நூறு ரூபாய் நோட்டு ஒவ்வொன்றாக, சத்தமாக எண்ணி, அந்த உள்ளங்கையில் வைத்தேன். என் விரல் அவர் கையில் பட்டது. அவர் கையை இழுக்கவில்லை. கடைசி நோட்டையும் வைத்தேன்.